16 அங்குலமும் 10 ஆண்டுச் சிறையும்

2023ஆம் ஆண்டு மே 31, நள்ளிரவு. அமெரிக்காவின் ஏதோ ஓர் ஊரில், ஒரு வீட்டு அலமாரிக்குள் துப்பாக்கி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழலின் நீளம் பத்தரை அங்குலம். பின்புறத்தில், முன்கையோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள ரப்பர் போன்ற ஒரு பட்டை. உரிமம் பெற்ற கடையில், பின்னணிச் சோதனை முடித்து, ரசீதோடு வாங்கியது. மணி பன்னிரண்டு அடிக்கும்வரை அது கைத்துப்பாக்கி. அடித்து ஓய்ந்ததும் அதுவே பதிவு செய்யப்படாத குட்டைக் குழல் ரைஃபிள். வைத்திருப்பவருக்கு 10 ஆண்டுவரை சிறை கிடைக்கலாம். இடையில் அந்தத் துப்பாக்கியை யாரும் தொடவில்லை. ஒரு திருகாணிகூட இடம் மாறவில்லை. அமெரிக்கக் காங்கிரஸும் புதிதாக எந்தச் சட்டத்தையும் இயற்றவில்லை. 1934இல் எழுதப்பட்ட சட்டத்தின் ஒரு வரிக்கு வாஷிங்டனில் உள்ள ஒரு துறை வேறு பொருள் சொல்லிவிட்டது. அவ்வளவுதான்.

அமெரிக்காவின் துப்பாக்கிச் சண்டை நம் செய்தித்தாள்களுக்கு எப்போதும் ஒரே வடிவத்தில்தான் வந்து சேர்கிறது. ஒரு பள்ளியில் துப்பாக்கிச் சூடு, மெழுகுவர்த்தி அஞ்சலி, 'சட்டத்தைக் கடுமையாக்குங்கள்' என்று ஒரு தரப்பு, 'அரசியல் சாசன உரிமையில் கை வைக்காதே' என்று மறு தரப்பு, பிறகு அமைதி. அந்த அமைதியின்போது ஒன்றுமே நடப்பதில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். கடந்த பதினைந்து ஆண்டுகளில் அங்கே நடந்த பெரிய மாற்றங்கள் பலவும் அதற்குள்தான் நடந்தன: அரசிதழில், துறைக் கடிதங்களில், படிவங்களின் பொடி எழுத்துகளில். துப்பாக்கி வைத்திருப்பவர்களின் மனக்குறையும் அங்கிருந்துதான் பிறக்கிறது. விதி கடுமையாக இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. நேற்றுச் சரி என்றது இன்று குற்றம், நாளை மறுபடியும் சரி என்பதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. இந்தக் குறையில் பாதி நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. மீதிப் பாதியைப் பிறகு பார்ப்போம்.

எல்லாவற்றுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது ஏடிஎஃப் என்ற துறை. மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் ஆகிய நான்கும் இதன் பொறுப்பு. சம்பந்தமில்லாத சாமான்களை ஒரே பையில் போட்டதுபோலத் தெரியும். காரணம் வரி. இந்தச் சரக்குகளின் மீது வரி வசூலிப்பதற்காகக் கருவூலத் துறையின் கீழ் வளர்ந்த அமைப்பு அது. 2003இல்தான் நீதித் துறைக்குக் கைமாறியது. துப்பாக்கியைக் கட்டுப்படுத்த வந்த முதல் பெரிய மத்தியச் சட்டமும் வரிச் சட்டமாகத்தான் பிறந்தது.

அது 1934இல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம். மதுவிலக்குக் காலத்துக் கும்பல்கள் நகர வீதிகளில் இயந்திரத் துப்பாக்கியோடு திரிந்த சமயம். சிகாகோவில் 1929 காதலர் தினத்தன்று ஏழு பேரைச் சுவரோரம் நிற்கவைத்துச் சுட்ட சம்பவம் மக்கள் மனத்தில் ஆறாமல் இருந்தது. ஒரு பொருளை நேரடியாகத் தடை செய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டா என்பது அன்று சந்தேகம். வரி போட அதிகாரம் உண்டு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆகவே இயந்திரத் துப்பாக்கி, குட்டைக் குழல் ஷாட்கன், குட்டைக் குழல் ரைஃபிள், சைலன்சர் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும், கைமாறும்போது 200 டாலர் வரி கட்ட வேண்டும் என்று எழுதினார்கள். அந்தக் காலத்துத் தொழிலாளியின் மாதச் சம்பளத்தைவிட அது அதிகம். தடை என்று சொல்லாமலே தடுத்துவிடுகிற தொகை.

இதில் குட்டைக் குழல் ரைஃபிள் எப்படி நுழைந்தது என்பதுதான் சுவையான சங்கதி. முதலில் வந்த மசோதாவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. மறைத்து எடுத்துச் செல்லக்கூடிய ஆயுதம் எதுவானாலும் வரி என்பது திட்டம். அப்படியானால் ஒருவன் ரைஃபிளை வாங்கி, குழலை ரம்பத்தால் அறுத்து, கைத்துப்பாக்கி அளவுக்குக் குறுக்கிக்கொள்வானே? அந்த ஓட்டையை அடைக்கத்தான் குழல் நீளத்துக்கு ஒரு குறைந்தபட்ச அளவு வைத்தார்கள். பிறகு எதிர்ப்பு கிளம்பியதும் கைத்துப்பாக்கியை மசோதாவிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஓட்டையை அடைக்க வைத்த தக்கை மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. வீடு போய்விட்டது, வாசல் கதவு நிற்கிறது. ஆறு அங்குலக் குழலுள்ள கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளலாம். நீளமான ரைஃபிளைச் சுவரில் மாட்டலாம். ஆனால் தோளில் அணைத்துச் சுடும் ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்கு ஓர் அங்குலம் குறைந்தாலும் கைரேகை, புகைப்படம், பதிவு, வரி. முதலில் 18 அங்குலமாக இருந்த அளவை 1960இல் 16 ஆகக் குறைத்தார்கள். மற்றபடி தொண்ணூறு ஆண்டுகளாக இந்த வாசகத்தை யாரும் சீர்செய்யவில்லை.

இந்த வாசகத்துக்குள்தான் 2012இல் அந்தக் கைப்பட்டை வந்து சேர்ந்தது. ஏஆர் எனப்படும் அரைத் தானியங்கி வகை ரைஃபிளின் உறுப்புகளைக் கொண்டே, தோளில் முட்டுக்கொடுக்கும் பின்கட்டை இல்லாமல், குட்டைக் குழலோடு செய்யப்படும் பெரிய கைத்துப்பாக்கிகள் அமெரிக்கக் கடைகளில் உண்டு. கனம் அதிகம், ஒற்றைக் கையால் தாங்கிச் சுடுவது சிரமம். உடல் ஊனமுற்ற சக படைவீரர்களை மனத்தில் வைத்து முன்னாள் படைவீரர் ஒருவர், முன்கையில் மாட்டிக்கொள்ளும் பட்டையை வடிவமைத்தார். ஏடிஎஃப்பிடம் மாதிரியை அனுப்பிக் கேட்டார். இதை மாட்டினால் கைத்துப்பாக்கி ரைஃபிளாகிவிடாது என்று அந்த ஆண்டின் இறுதியில் பதில் வந்தது.

சந்தைக்கு அது போதுமானதாக இருந்தது. கையில் மாட்டுவதற்காகச் செய்த பட்டையைத் தோளில் அணைத்தாலும் வசதியாகத்தான் இருக்கிறது என்று வாங்கியவர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், பெரும்பாலோர் வாங்கியதே அதற்காகத்தான். 2015 ஜனவரியில் ஏடிஎஃப் ஒரு திறந்த கடிதம் வெளியிட்டது: தோளில் வைத்துச் சுட்டால் அது மறுவடிவமைப்பு, ஆகவே குட்டை ரைஃபிள். ஒரே பொருள், கையில் இருந்தால் சட்டப்படி சரி, எட்டு அங்குலம் தள்ளித் தோளில் வைத்தால் குற்றம்! 2017இல் அதே துறை, எப்போதாவது தோளில் வைப்பதனால் மட்டும் வடிவம் மாறிவிடாது என்று இறங்கிவந்தது. 2021இல் வேறொரு வரைவு: துப்பாக்கியின் எடை, நீளம், குறிபார்க்கும் கருவி என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, நான்கு புள்ளி சேர்ந்தால் ரைஃபிள் என்று சொல்லும் ஒரு படிவம். பொதுமக்களிடமிருந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் வந்து குவிந்தன. 2023 ஜனவரியில் இறுதி விதி வந்தபோது மதிப்பெண் படிவத்தைக் காணவில்லை. அதற்குப் பதிலாக இருந்தது வேறோர் அளவுகோல். படித்துப் பார்த்து, என் துப்பாக்கி எந்தப் பக்கம் என்று சாதாரண ஆள் சொல்லிவிட முடியாத அளவுக்கு வழவழப்பானது.

வைத்திருந்தவர்களுக்கு மே 31 கெடு. வரியில்லாமல் பதிவு செய்துகொள்ளலாம், பட்டையைக் கழற்றி மறுபடி மாட்ட முடியாதபடி மாற்றலாம், நீளக் குழல் போடலாம், ஒப்படைக்கலாம், உடைத்துப் போடலாம். துறையின் சொந்த மதிப்பீட்டிலேயே இப்படிப்பட்ட பட்டைகள் சுமார் 30 லட்சம் மக்களிடம் இருந்தன. கெடு முடிந்தபோது பதிவுக்கு வந்த விண்ணப்பங்கள் இரண்டரை லட்சம் சொச்சம். மற்றவர்களில் எத்தனை பேர் கழற்றினார்கள், எத்தனை பேர் அலமாரியைப் பூட்டிவிட்டுப் பேசாமல் இருந்தார்கள் என்பது அவரவர் வீட்டுச் சுவருக்குத்தான் தெரியும்.

பிறகு நீதிமன்றம். 2023 ஆகஸ்டில் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், வரைவில் ஒன்றைக் காட்டிக் கருத்துக் கேட்டுவிட்டு இறுதியில் வேறொன்றை வைத்தது முறையல்ல என்றது. 2024 ஜூன் 13 அன்று டெக்சாஸின் மத்திய மாவட்ட நீதிபதி ரீட் ஓ'கானர் விதியை முழுவதுமாக ரத்து செய்தார். மேல்முறையீடு செய்த அரசு, ஆட்சி மாறிய பிறகு 2025 ஜூலையில் அதைக் கைவிட்டது. பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு ரப்பர் பட்டை இத்தனை முறை பிறவி எடுத்திருக்கிறது.

இதே கதை, இன்னும் இருண்ட பின்னணியில், 'பம்ப் ஸ்டாக்' விஷயத்திலும் நடந்தது. 2017 அக்டோபர் 1ஆம் தேதி லாஸ் வேகாஸில், மாண்டலே பே ஹோட்டலின் மேல்மாடி ஜன்னலிலிருந்து ஒருவன் கீழே நடந்துகொண்டிருந்த இசை விழாவின் மீது சுட்டான். பின்னர் காயத்தால் இறந்தவர்களையும் சேர்த்து 60 பேர் மாண்டார்கள். அவன் துப்பாக்கிகளில் மாட்டியிருந்தது பம்ப் ஸ்டாக் என்ற பின்கட்டை. சாதாரண அரைத் தானியங்கி ரைஃபிளில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒருமுறை விசையை அழுத்த வேண்டும். இந்தக் கட்டையைப் பொருத்தினால், சுட்ட உதைப்பில் துப்பாக்கி பின்னால் வழுக்கும். இடக்கை அதை முன்னால் தள்ளும். அசையாமல் நிற்கும் விரலில் விசை தானாக வந்து மோதும். விரல் விசையைத் தேடிப் போவதில்லை, விசை விரலைத் தேடி வருகிறது. கேட்பவர் காதுக்கு அது இயந்திரத் துப்பாக்கிதான்.

'விசையின் ஒரே இயக்கத்தில்' தானாகவே ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டாக்களைச் சுடுவதே இயந்திரத் துப்பாக்கி என்கிறது சட்டம். இந்தக் கட்டை அந்த இலக்கணத்துக்குள் வராது என்று ஏடிஎஃப் பல ஆண்டுகள் கடிதம் கடிதமாகச் சொல்லிவந்தது. லாஸ் வேகாஸுக்குப் பிறகு, முதல் டிரம்ப் ஆட்சியிலேயே, வரும் என்று மாற்றிக்கொண்டது. 2019 மார்ச் 26க்குள் எல்லோரும் அழிக்க வேண்டும் அல்லது ஒப்படைக்க வேண்டும், இழப்பீடு கிடையாது. டெக்சாஸின் ஆஸ்டினில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த மைக்கேல் கார்கில் தன்னிடம் இருந்த இரண்டை ஒப்படைத்தார், கையோடு வழக்கும் போட்டார். 2024 ஜூன் 14 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய தீர்ப்பில் விசைப் பொறியின் படங்களே இருக்கின்றன; ஒவ்வொரு தோட்டாவுக்கும் விசை ஒருமுறை விடுபட்டு மறுபடி இயங்குகிறது, ஆகவே 'ஒரே இயக்கம்' அல்ல என்பது அவர் வாதம். வாத்துபோல நடந்து, நீந்தி, கத்தினால் அதை வாத்து என்றுதான் சொல்வேன் என்றார் மறுத்து எழுதிய சோனியா சோட்டோமேயர். பெரும்பான்மையோடு சேர்ந்த சாமுவேல் அலிட்டோ, தனியாக எழுதிய ஒரு பக்கத்தில், இதற்கு எளிய வழி இருக்கிறது, காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தலாம் என்று சுட்டிக்காட்டினார். காங்கிரஸ் திருத்தவில்லை.

துறை எதைச் சொன்னாலும் நீதிமன்றம் தள்ளிவிடும் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. உறுப்புகளாக வாங்கி, வீட்டிலேயே பொருத்தித் துப்பாக்கியாக்கிக்கொள்ளும், வரிசை எண் இல்லாத பெட்டிகள் இன்னொரு வழக்கு. குற்றம் நடந்த இடங்களில் காவல் துறை கைப்பற்றித் தடம் அறிய மத்திய அரசுக்கு அனுப்பிய இத்தகைய துப்பாக்கிகள் 2017இல் சுமார் 1,600; 2021இல் 19,000க்கும் மேல். இந்தப் பெட்டிகளையும் துப்பாக்கியாகவே கருதி, வரிசை எண்ணும் வாங்குபவரின் பின்னணிச் சோதனையும் வேண்டும் என்று பைடன் ஆட்சி 2022இல் விதி போட்டது. 2025 மார்ச் 26 அன்று உச்ச நீதிமன்றம் 7-2 என்று அந்த விதியை நிற்கவிட்டது. எழுதியவர் நீல் கோர்சச், பழமைவாதியாக அறியப்படுபவர். உறுப்புகளாக விற்கும் ஐகியா மரச்சாமான் கடையில் வாங்கிய மேசையை, இன்னும் பூட்டாமல் பெட்டியிலேயே இருந்தாலும், 'மேசை வாங்கினேன்' என்றுதானே சொல்கிறோம் என்று கேட்டார். அதுபோன்ற ஒரு பெட்டியை அதுவரை பார்த்தேயிராத ஒருவர் சாதாரணக் கருவிகளைக் கொண்டு 21 நிமிடத்தில் துப்பாக்கியாக்கிவிட்டார் என்ற விவரமும் தீர்ப்பில் இருக்கிறது. இருபத்தொரு நிமிடத்தில் என்னால் ஐகியா மேசையின் ஒரு காலைக்கூட நேராகப் பூட்ட முடியாது.

கவனித்தால் ஒன்று தெரியும். பட்டை, பம்ப் ஸ்டாக், பெட்டி ஆகிய மூன்று வழக்குகளின் முடிவும் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும், அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தத்தைத் தொட்டு எழுதப்பட்டதல்ல. துப்பாக்கி தனிமனித உரிமையா என்ற கேள்விக்கு 2008இல் ஹெல்லர் வழக்கில் விடை வந்துவிட்டது. 2022இல் ப்ரூன் வழக்கு, எந்தக் கட்டுப்பாடும் நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்த வேண்டும் என்று அளவுகோலை இறுக்கியது. 2024இல் ரஹிமி வழக்கு, குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடை உத்தரவுக்கு உள்ளானவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டத்தை 8-1 என்று காப்பாற்றி, கொஞ்சம் தளர்த்தியது. தலைப்புச் செய்தியாவது இந்த வழக்குகள். அன்றாடம் ஒருவருடைய அலமாரிக்குள் எட்டிப் பார்ப்பவை முதலில் சொன்னவை. அங்கே கேள்வி உரிமை உண்டா என்பதல்ல. ஒரு வினைச்சொல்லுக்கு யார் பொருள் சொல்வது என்பது.

நம்மவர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஓர் இடமும் இந்தச் சட்டத்தில் இருக்கிறது; பலருக்குத் தெரியாது. எச்-1பி போன்ற வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ அமெரிக்காவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது மத்தியக் குற்றம். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. சுடுகளத்துக்கு நண்பர்களோடு போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் வாங்குவதும் 'வைத்திருப்பது'தான். விதிவிலக்குகளில் ஒன்று வேட்டை உரிமம். மான் பக்கமே போகாதவர்கள் அதற்காகவே வேட்டை உரிமம் எடுப்பதுண்டு. ஃபுளோரிடாவில், படிப்பிலிருந்து நீக்கப்பட்டு விசாத் தகுதி போன பிறகும் சுடுகளத்துக்குப் போன வெளிநாட்டு மாணவர் ஒருவரின் வழக்கு 2019இல் உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. தான் தடை செய்யப்பட்ட பிரிவில் இருப்பது அவருக்குத் தெரியும் என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதற்காக யாரும் 'எனக்குத் தெரியாது' என்று நம்பிப் போய்விட வேண்டாம்.

துப்பாக்கி வைத்திருப்பவர்களின் இன்னொரு பயம் பதிவேடு. யாரிடம் என்ன இருக்கிறது என்ற பட்டியல் அரசின் கையில் இருந்தால் என்றாவது ஒருநாள் கதவைத் தட்டுவார்கள் என்பது அவர்களின் பழைய கவலை. 1986ஆம் ஆண்டுச் சட்டம் சாதாரணத் துப்பாக்கிகளுக்கு மத்தியப் பதிவேடு வைப்பதைத் தடை செய்கிறது. ஆகவே ஒரு துப்பாக்கியின் தடம் பிடிக்க வேண்டுமானால் உற்பத்தியாளரிடம் கேட்டு, மொத்த வியாபாரியிடம் கேட்டு, கடைக்காரரின் பேரேட்டைப் பார்க்க வேண்டும். மூடிய கடைகளின் காகிதங்கள் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள தடமறியும் மையத்துக்குப் பெட்டி பெட்டியாக வந்து சேர்கின்றன. ஸ்கேன் செய்யலாம், பெயரைத் தட்டச்சு செய்து தேடக் கூடாது. எனவே அலுவலர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்கள். கணினி யுகத்தில், வேண்டுமென்றே மெதுவாக இயங்கும்படி சட்டத்தால் கட்டப்பட்ட அலுவலகம் இதுபோல் வேறு இருக்குமா என்பது சந்தேகம். கடைக்காரர்கள் 20 ஆண்டுக்குப் பிறகு பழைய பேரேட்டை அழித்துவிடலாம் என்ற சலுகையை 2022 விதி நீக்கியதும், பதிவேடு பின்வாசல் வழியாக வருகிறது என்று கூச்சல் கிளம்பியது இதனால்தான்.

இப்போது ஊசல் மறுபக்கம். 2025 பிப்ரவரியில், முந்தைய ஆட்சியின் துப்பாக்கி நடவடிக்கைகளையெல்லாம் மறுஆய்வு செய்யச் சொல்லி டிரம்ப் ஆணையிட்டார். பதிவேட்டுப் பிழைகளுக்காகக் கடை உரிமத்தைப் பறித்த 'துளியும் பொறுக்காத' கொள்கை ஏப்ரலில் கைவிடப்பட்டது. மே மாதம், வேகமாகச் சுட உதவும் ஒருவகை விசை தொடர்பான வழக்குகளில் நீதித் துறை அதன் தயாரிப்பாளரோடு சமரசம் செய்துகொண்டது. முன்பு இயந்திரத் துப்பாக்கி என்று துறை பறிமுதல் செய்த அதே விசைதான்.

இங்கேதான் அந்த மீதிப் பாதி. ஒரு விளக்கக் கடிதம் உரிமையைப் பறிக்கும்போது கொதிப்பவர்கள், இன்னொரு விளக்கக் கடிதம் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது கை தட்டுகிறார்கள். கொடுத்த பேனாவும் எடுத்த பேனாவும் ஒன்றுதான். அடுத்த ஆட்சியில் அது வேறு கையில் இருக்கும். சட்டத்தைத் தெளிவாக எழுதவிடாமல் காங்கிரஸைப் பல பத்தாண்டுகளாக முடக்கி வைத்ததில் துப்பாக்கி ஆதரவு அமைப்புகளுக்கும் பெரிய பங்கு உண்டு. எழுதாத சட்டத்தின் வெற்றிடத்தைத்தான் துறை நிரப்புகிறது. லாஸ் வேகாஸ் நடந்த அதே மாதத்தில், பம்ப் ஸ்டாக்குக்குக் கூடுதல் கட்டுப்பாடு வேண்டுமென்று தேசிய ரைஃபிள் சங்கமே துறையை மறுஆய்வு செய்யச் சொன்னது. காங்கிரஸ் புதுச் சட்டம் போடுவதைவிடத் துறை விதி போடுவது அன்று அதற்கு வசதியாக இருந்தது.

காங்கிரஸ் வாய் திறந்த அபூர்வமான ஒரு தருணம் 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான வரி மசோதா. சைலன்சர், குட்டைக் குழல் ரைஃபிள், ஷாட்கன் ஆகியவற்றுக்கு 1934 முதல் இருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம். இயந்திரத் துப்பாக்கிக்கும் வெடிகுண்டு போன்ற அழிவுக் கருவிகளுக்கும் மட்டும் பழைய வரி. பதிவையே ஒழித்துவிடவும் முயன்றார்கள். வரவு செலவு மசோதாவில் அதைச் சேர்ப்பது அவை விதிக்குப் பொருந்தாது என்று செனட்டின் நடைமுறை ஆலோசகர் சொல்லிவிட்டதால் நின்றுபோனது. இதிலிருந்து புது வழக்குகள் முளைத்திருக்கின்றன. 1937இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டதே, இது வரி வசூலிக்கும் சட்டம் என்பதனால். வரியே இல்லை என்றால் பதிவேடு எந்தக் காலில் நிற்கிறது என்று கேட்கிறார்கள். கேள்வி கூர்மையானதுதான்.

அதுவரை, 2023இல் கெடுவுக்குப் பயந்து குட்டை ரைஃபிளாகப் பதிவு செய்தவர்களின் நிலைமைதான் வேடிக்கை. விதி ரத்தாகிவிட்டது, அலமாரியைப் பூட்டிவிட்டுப் பேசாமல் இருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் இருப்பது பழையபடி கைத்துப்பாக்கி. ஆனால் குட்டை ரைஃபிள் என்று பதிவேட்டில் ஏறிய ஆயுதத்தை டெக்சாஸிலிருந்து எல்லை தாண்டி ஓக்லஹோமாவுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் ஏடிஎஃப்பின் முன் அனுமதி வேண்டும். புதிதாக ஒன்று செய்துகொள்ள நினைப்பவர் விண்ணப்பத்தின் வரிக் கட்டத்தில் இப்போது பூஜ்யம் என்று எழுதலாம். கைரேகை மட்டும் பழையபடி பத்து விரலுக்கும் வேண்டும்.